யானைக்காலும் ஒரு வேளை மாத்திரையும்: விழுப்புரத்துக் கிராமங்களில் ஒரு மருத்துவ ஆய்வின் வரலாறு

யானைக்கால் நோயை ஒழிக்க ஆண்டுக்கு ஒரே ஒரு வேளை மாத்திரை போதுமா என்ற கேள்விக்கு 1990களில் உலகம் விடை தேடிக்கொண்டிருந்தது. அந்த விடையில் ஒரு பெரும் பகுதி விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தது. 1993 செப்டம்பர் இறுதியில் தென்னார்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானது. அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் அதன் கிராமங்களில் இரண்டு தனித்தனி ஆய்வுகள் தொடங்கின. ஒன்றைப் புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் நடத்தியது. மற்றொன்றை மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் திருக்கோவிலூர்ப் பகுதியில் நடத்தியது. இரண்டும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கியவை. ஒன்று மருந்தின் வலுவை அளந்தது. மற்றொன்று மருந்தால் மட்டும் முடியாதது எது என்பதைக் காட்டியது.

நோய்க்குக் காரணம் நூல் போன்ற ஒரு புழு. அதன் பெயர் உச்செரேரியா பான்கிராஃப்டி. ஆண் புழுவும் பெண் புழுவும் மனிதனின் நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் வாழ்கின்றன. பெண் புழு ஈனும் லட்சக்கணக்கான நுண்குஞ்சுகள் இரத்தத்தில் கலக்கின்றன. இவற்றுக்கு மைக்ரோஃபைலேரியா என்று பெயர். கொசு கடிக்கும்போது இரத்தத்தோடு இவையும் அதன் வயிற்றுக்குள் போகும். அங்கே ஏறத்தாழ இரண்டு வாரங்களில் மூன்று பருவங்களைக் கடந்து அடுத்த மனிதனைத் தொற்றும் நிலைக்கு வளரும். மனித உடலுக்கு வெளியே இந்தப் புழு வளரும் இடம் கொசுவின் உடல் ஒன்றுதான். விழுப்புரம் பகுதியில் இதைப் பரப்புவது கியூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ் என்ற வீட்டுக் கொசு. அழுக்குத் தண்ணீரே அதற்குப் பிடித்தது: கழிவுநீர்க் குழி, தேங்கிய சாக்கடை, கக்கூசுத் தொட்டி, பாத்திரம் கழுவும் தண்ணீர் போய் நிற்கும் பள்ளம், குழாய்த் தண்ணீர் வந்த பிறகு யாரும் இறைக்காமல் விட்ட கிணறு.

இந்தச் சங்கிலியை அவிழ்க்க மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 1863இல் பாரிசில் தெமார்க்கே என்பவர் விரைவீக்க நீரில் நுண்குஞ்சுகளைக் கண்டார். 1866இல் பிரேசிலின் பாயியாவில் உச்செரர் சிறுநீரில் கண்டார். 1872இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் இரத்தத்தில் கண்டார். 1876இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜோசப் பான்கிராஃப்ட் வளர்ந்த புழுவையே கண்டார். அடுத்த ஆண்டு சீனத்து அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன் கொசுவின் பங்கைக் கண்டறிந்தார். பூச்சி ஒன்றின் உடலில் மனித நோயின் கிருமி வளர்வதை மருத்துவம் முதன்முதலாக அறிந்தது அப்போதுதான். ஆனாலும் கொசு தண்ணீரில் விழுந்து செத்து, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்றே மான்சன் நினைத்தார். கொசுவின் ஊசிமூக்கு வழியாகவே புழு மனிதனை அடைகிறது என்பது 1900இல் உறுதியானது.

மான்சன் கண்ட இன்னொரு உண்மை விழுப்புரத்து ஆய்வாளர்களின் தூக்கத்தைப் பறித்தது. நுண்குஞ்சுகள் பகலில் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் ஒதுங்கியிருந்து, இரவில்தான் தோலருகே உள்ள இரத்தத்துக்கு வருகின்றன. நள்ளிரவை ஒட்டி அவற்றின் எண்ணிக்கை உச்சத்தை அடைகிறது. வீட்டுக் கொசுவும் இரவில்தான் கடிக்கும். ஆகவே பகலில் மருத்துவமனைக்கு வருபவரின் விரலில் குத்தி எடுத்த இரத்தம் பெரும்பாலும் ஒன்றையும் காட்டாது. ஒரு கிராமத்தில் யார் யாருக்குத் தொற்று இருக்கிறது என்று அறிய, இரவு எட்டு மணிக்கு மேல் வீடு வீடாகப் போக வேண்டும். விளக்கும் கண்ணாடித் தகடுகளும் ஊசியுமாகப் போய், உறங்கும் குழந்தைகளை எழுப்பி, களையெடுத்து நடவு நட்டுக் களைத்துப் படுத்தவர்களை எழுப்பி, ஒவ்வொருவரின் விரல் நுனியிலிருந்தும் இரத்தம் எடுக்க வேண்டும். வழக்கமான அளவு 20 கன மில்லிமீட்டர். அதைத் தகட்டில் தடித்துப் பூசி, காயவைத்து, சிவப்பணு நிறத்தை நீரில் கழுவி நீக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஒவ்வொரு குஞ்சாக எண்ண வேண்டும். இதே ஊருக்கு அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் திரும்பப் போய் இதையே செய்ய வேண்டும். ஆய்வறிக்கைகளில் ‘இரவு இரத்தப் பரிசோதனை’ என்று இரண்டு மூன்று சொற்களில் முடிந்துபோவது இந்த உழைப்புதான். நோயே இல்லை என்று நம்பும் ஒருவர் நள்ளிரவில் கையை நீட்டச் சம்மதித்ததும் இதில் அடங்கும். அந்தச் சம்மதம் இல்லாமல் பின்னால் வரும் எந்த எண்ணும் இல்லை.

தொற்று உள்ளவர் என்பவர் வேறு, யானைக்கால் உள்ளவர் என்பவர் வேறு. இந்த வேறுபாடு புரியாமல் இந்நோயின் வரலாறு புரியாது. இரத்தத்தில் நுண்குஞ்சுகளைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் வெளிப்பார்வைக்கு முழு நலத்தோடு இருப்பார்கள். கொசுவுக்குப் புழுவைக் கொடுப்பவர்கள் அவர்களே. கால் வீங்கியவர்களிடம் பெரும்பாலும் நுண்குஞ்சுகள் இருப்பதில்லை; நிணநீர்க் குழாய்கள் ஏற்கெனவே சிதைந்துவிட்டன. ஊரார் விலகி நடந்த மனிதரால் ஊருக்குத் தொற்று பரவவில்லை. திண்ணையில் நலமாக உட்கார்ந்திருந்தவர் வழியாகவே பரவியது. ஆகவே நோயாளிகளைத் தேடி மருந்து கொடுப்பது பரவலை நிறுத்தாது. நலமாக இருப்பவர்களும் விழுங்க வேண்டும்.

மருந்து 1947இலேயே கிடைத்துவிட்டது. டை எத்தில் கார்பமசின் என்ற அந்த மருந்தைச் சுருக்கமாக டி.இ.சி. என்பார்கள். அது நுண்குஞ்சுகளை விரைவாக அழிக்கும். வளர்ந்த புழுக்களில் ஒரு பகுதியையும் கொல்லும். 1955இல் இந்திய அரசு தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது இதைப் பல நாள் தொடர்ந்து எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்தது. காய்ச்சல், தலைவலி, தலைசுற்றல் என்று மக்கள் மறுத்தார்கள். அதன் பிறகு திட்டம் நகரங்களின் கொசு ஒழிப்பிலும், இரத்தத்தில் நுண்குஞ்சு கண்டவர்களுக்குப் பன்னிரண்டு நாள் மருந்து கொடுப்பதிலும் சுருங்கியது. கிராமங்கள் பல பத்தாண்டுகள் திட்டத்துக்கு வெளியே நின்றன. தென்னார்க்காட்டின் ஏரிப்பாசனச் சிற்றூர்களும் அப்படி நின்றவைதாம். சாக்கடைக் கொசு நகரத்துப் பிரச்சினை என்ற எண்ணம் அதிகாரிகளிடம் ஊறிப்போயிருந்தது. கிராமத்தில் மின்மோட்டாரும் குழாயும் வந்து கழிவுநீர் பெருகியதை அந்த எண்ணம் கணக்கில் எடுக்கவே இல்லை.

மருந்தினால் வரும் காய்ச்சலுக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. அது பெரும்பாலும் மருந்தின் நஞ்சால் வருவதில்லை. இறக்கும் நுண்குஞ்சுகளுக்கு உடல் காட்டும் எதிர்ப்பால் வருகிறது. இரத்தத்தில் குஞ்சுகள் மிகுந்தவருக்கே காய்ச்சல் மிகும். அதாவது யாருக்கு மருந்து மிகவும் தேவையோ அவர்தான் அடுத்த முறை வேண்டாம் என்கிறார். நலமாக இருந்தேன், மாத்திரை போட்டேன், படுத்துவிட்டேன் என்பது அவர் அனுபவத்தில் முழு உண்மை. இதை எந்தச் சுவரொட்டியும் எளிதில் மாற்றிவிடாது.

1980களில் நிலைமை மாறத் தொடங்கியது. ஜப்பானிய மண்ணிலிருந்து சதோஷி ஒமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரியிலிருந்து வந்த ஐவர்மெக்டின், ஆப்பிரிக்காவின் ஆற்றுக்குருடு நோய்க்கு ஒரே வேளை மருந்தாக வெற்றி கண்டது. சென்னையில் வ. குமாரசுவாமியும் எரிக் ஓட்டெசனும் அவர்களுடைய குழுவினரும் யானைக்கால் புழுவின் மீது அதைச் சோதித்து 1988இலும் 1990இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே வேளை ஐவர்மெக்டின் இரத்தத்திலிருந்து நுண்குஞ்சுகளை ஏறத்தாழ முழுவதுமாக நீக்கியது. டி.இ.சி.யையும் பன்னிரண்டு நாள் கொடுக்கத் தேவையில்லை, ஒரே வேளை கொடுத்தாலும் ஓராண்டு வரை நுண்குஞ்சுகள் பெருமளவு குறைந்தே இருக்கும் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டின. இவையெல்லாம் மருத்துவமனையில் தனி மனிதர்களிடம் கண்டவை. ஒரு முழு ஊருக்குக் கொடுத்தால் பரவல் நிற்குமா? அதை ஊரில்தான் சோதிக்க முடியும்.

அந்தச் சோதனைக்குப் புதுச்சேரி மையம் தயாராக இருந்தது. 1975இல் தொடங்கிய அந்த மையம், பா. கி. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரத்தில் ஒருங்கிணைந்த கொசு ஒழிப்புத் திட்டம் ஒன்றை நடத்தியது. கொசுவை எண்ணுவதும் அறுத்துப் பார்ப்பதும் இரவில் இரத்தம் எடுப்பதும் அங்கே பழகிய கைத்தொழில்கள் ஆகிவிட்டிருந்தன. அங்கிருந்து விழுப்புரமும் திண்டிவனமும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்தன.

பி. கே. தாஸ், கே. டி. ராமையா முதலியோர் நடத்திய ஆய்வில் விழுப்புரம் மாவட்டத்தின் 15 கிராமங்கள் மூன்று பிரிவுகளாயின. ஐந்து ஊர்களுக்கு ஒரு வேளை டி.இ.சி., ஐந்து ஊர்களுக்கு ஒரு வேளை ஐவர்மெக்டின், ஐந்து ஊர்களுக்கு மருந்துப்போலி. ஒரே ஊரில் சிலருக்கு மருந்தும் சிலருக்குப் போலியும் என்று பிரிக்காததற்குக் காரணம் கொசு. தெருவின் இந்தப் பக்கம் கடித்த கொசு அந்தப் பக்கமும் கடிக்கும். பரவல் என்பது தனி ஆளின் இயல்பாக இருப்பதில்லை. ஊரின் இயல்பாகவே இருக்கிறது. ஆகவே ஆய்வின் அலகும் ஊர்தான். மருந்துப்போலி ஊர்களின் தேவையும் இதே தர்க்கத்தில் பிறந்தது. மழை குறைந்தால் கொசு குறையும். கொசு குறைந்தால் மருந்தே கொடுக்காத ஊரிலும் தொற்று தளரும். ஒப்பிட ஓர் ஊர் இல்லாமல், மழையின் வேலையை மருந்தின் வேலை என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. மருந்தின் பெயரால் நடக்கும் எத்தனையோ வெற்றி அறிவிப்புகளில் இல்லாத கட்டுப்பாடு இது.

அளவீடும் இரண்டு திசைகளில் நடந்தது. மனிதரிடம் இரவு இரத்தம், கொசுவிடம் அறுவை. வீடுகளில் பிடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் பிரித்து, புழு உண்டா, எந்தப் பருவத்தில் உள்ளது என்று பார்த்தார்கள். மூன்றாம் பருவப் புழு இருந்தால்தான் அந்தக் கொசு நோய் பரப்பும் நிலையை அடைந்தது. இதிலிருந்து, ஓர் ஊர்க்காரர் ஓராண்டில் எத்தனை தொற்றுப் புழுக்களை எதிர்கொள்கிறார் என்று கணக்கிடுவார்கள். ரங்கூனில் 1960களில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று, ஒருவர் இரத்தத்தில் நுண்குஞ்சு தோன்ற ஏறத்தாழ 15,500 தொற்றுக்கடிகள் வேண்டும் என்று மதிப்பிட்டது. மலேரியாவுக்கு ஒரு கடியே போதும். யானைக்கால் புழுவை ஒழிக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இந்த எண்ணே அடிப்படை. பரவலை ஓரளவுக்குக் கீழே தள்ளிவிட்டால் மீதி தானாக அணையும் என்று எதிர்பார்க்க முடிந்தது.

விழுப்புரத்து முடிவுகள் அந்த நம்பிக்கையைப் பாதி நிறைவேற்றின. மருந்துக்குத் தகுதியானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், சில சுற்றுகளில் முக்கால் பங்கு வரை, மாத்திரை எடுத்துக்கொண்டார்கள். நான்கு ஆண்டுச் சுற்றுகளில் இரு மருந்து ஊர்களிலும் நுண்குஞ்சு விகிதமும் அடர்த்தியும் பெரிதும் சரிந்தன. கொசுக்களின் தொற்றும் சரிந்தது. விலை மிகுந்த புதிய மருந்துக்கு நிகராக, இந்தியாவிலேயே மலிவாகத் தயாரான பழைய டி.இ.சி. நின்றது. இது சிறிய கண்டுபிடிப்பு அன்று. ஐவர்மெக்டின் வளர்ந்த புழுவைக் கொல்வதில்லை, டி.இ.சி. ஓரளவு கொல்லும் என்பதும் இதற்குப் பொருந்தியது. ஆற்றுக்குருடு உள்ள ஆப்பிரிக்கப் பகுதிகளில் டி.இ.சி. கடும் எதிர்விளைவுகளைத் தருவதால் அங்கே ஐவர்மெக்டின் தேவைப்பட்டது. இந்தியாவுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் நான்கு சுற்றுகளில் தொற்று பூச்சியத்தை எட்டவில்லை. ஆறு சுற்றுகளுக்குப் பிறகும் சில ஊர்களில் ஒட்டிக்கொண்டு நின்றது. மாத்திரையை ஒருமுறைகூட விழுங்காதவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். கியூலெக்ஸ் கொசு, மிகக் குறைந்த எண்ணிக்கையில் நுண்குஞ்சு உள்ளவரிடமிருந்தும் புழுவை எடுத்து வளர்க்கக்கூடியது என்பதைப் புதுச்சேரி ஆய்வுகளே காட்டியிருந்தன. கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அது போதும்.

இந்த மிச்சத்தை என்ன செய்வது என்ற கேள்விக்குத் திருக்கோவிலூர்க் கிராமங்கள் விடை தந்தன. இன்று திருக்கோவிலூர் 2019இல் பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. ஆய்வு நடந்தபோது விழுப்புரத்தில் இருந்தது. ரேச்சல் ரூபன், ஆர். ராஜேந்திரன், ஐ. பி. சுனிஷ் முதலியோர் அடங்கிய மதுரைக் குழு, சில ஊர்களுக்கு டி.இ.சி.யும் ஐவர்மெக்டினும் சேர்ந்த ஒரு வேளை மருந்தை மட்டும் கொடுத்தது. வேறு சில ஊர்களில் மருந்தோடு கொசு ஒழிப்பையும் சேர்த்தது. கொசு ஒழிப்புக்கு நச்சுத் தெளிப்பு பயன்படவில்லை. கழிவுநீர்க் குழிகளிலும் பாழ் கிணறுகளிலும் தெர்மோகோல் மணிகளைக் கொட்டினார்கள். கூழாங்கல்லைவிடச் சிறிய இந்த வெள்ளை மணிகள் நீரின் மேல் ஒரு போர்வையாகப் பரவும். அடியில் உள்ள கொசுப்புழு மூச்சுவிட மேலே வர முடியாது; மேலிருந்து பெண் கொசு முட்டையிட நீர்ப்பரப்பு இராது. மணிகள் மட்குவதில்லை, குழி வழிந்தோடாதவரை ஆண்டுக்கணக்கில் நிற்கும். சான்சிபார் தீவின் மகுண்டுசி என்ற ஊரில் 1980களின் இறுதியில் இதே முறை மருந்தோடு சேர்ந்து வெற்றி கண்டிருந்தது. நீர் புழங்கும் கிணறுகளில் மணி போட முடியாது. அங்கே கொசுப்புழு தின்னும் மீன்கள் உதவின.

மருந்து கொடுத்த காலத்தில் இரு வகை ஊர்களும் ஏறத்தாழ ஒன்றாகவே முன்னேறின. மருந்தை நிறுத்திய பிறகுதான் வேறுபாடு தெரிந்தது. மருந்து மட்டும் பெற்ற ஊர்களில் கொசுக்களின் தொற்று மீண்டும் ஏறத் தொடங்கியது. கொசுவையும் ஒழித்த ஊர்களில் ஏறவில்லை. இதன் பொருளைத் தேசியத் திட்டம் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை என்றே சொல்ல வேண்டும். மாத்திரை கொடுப்பதை ஒரு நாளில் நடத்தி எண்ணிக் காட்டலாம். குழி மூடுவதும் மணி போடுவதும் ஊராட்சியின் அன்றாட வேலை. அதற்கு ஆளும் பணமும் ஆண்டு முழுவதும் வேண்டும். சாட்சியம் தெளிவாக இருந்தும் எளிதானதே கொள்கையாயிற்று.

மாத்திரை வினியோகம் ஆய்வு முடியக் காத்திருக்கவில்லை. 1996இல் பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் தமிழ்நாடு அரசு எல்லோருக்கும் ஒரு வேளை டி.இ.சி. கொடுத்தது. பிறகு மாநிலத்தின் மற்ற நோய்ப்பகுதி மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. 1997இல் உலக சுகாதாரப் பேரவை யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிக்கத் தீர்மானித்தது. 2000இல் உலகத் திட்டம் தொடங்கியது. 2004 முதல் இந்தியா முழுவதும் நோய்ப்பகுதிகளில் தேசிய யானைக்கால் நோய் நாள் என்று ஆண்டுதோறும் மாத்திரை வழங்கினார்கள். 2 வயது முதல் 5 வயது வரை டி.இ.சி. 100 மில்லிகிராம், 6 முதல் 14 வரை 200, 15க்கு மேல் 300 என்பது அளவு. பின்னர் இதோடு ஒரு அல்பெண்டசோல் மாத்திரையும் சேர்ந்தது. குடற்புழுவும் போகும் என்பதால் தாய்மார்கள் அதை விரும்பினார்கள். கர்ப்பிணிகளுக்கும் கடும் நோயாளிகளுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை.

இங்கேதான் ஆய்வு முறையின் அடுத்த பாடம் வந்தது. கொடுத்த மாத்திரைகளின் எண்ணிக்கையை வினியோகப் பதிவேடு சொல்லும். விழுங்கியவர்களின் எண்ணிக்கையை அது சொல்லாது. புதுச்சேரிக் குழு தமிழ்நாட்டு வீடுகளில் நேரில் கேட்டபோது இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. வெறும் வயிற்றில் போடக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பதால், சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்கிறேன் என்று வாங்கி வைப்பார்கள். வேலைக்குப் போனவருக்கும் சேர்த்து வீட்டிலிருப்பவரிடம் கொடுத்துவிட்டு ஊழியர் அடுத்த வீட்டுக்குப் போவார். பதிவேட்டில் ஐந்து பேர். வயிற்றில் இரண்டு பேர். கண்முன் விழுங்கவைத்து எண்ண வேண்டும் என்ற விதி இந்தக் கண்டுபிடிப்புகளிலிருந்து வந்ததுதான். அங்கன்வாடி ஊழியரும் கிராம சுகாதார செவிலியரும் ஒரு தெருவில் அரை நாள் நின்று இதைச் செய்ய வேண்டியிருந்தது.

மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யவும் ஒரு சோதனை பிறந்தது. இரவு இரத்தத்துக்குப் பதிலாக, 6, 7 வயதுக் குழந்தைகளின் விரல் இரத்தத்தைப் பகலிலேயே ஓர் அட்டையில் சோதித்துப் புழுவின் எதிர்ப்பொருள் தூண்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்தக் குழந்தைகள் மாத்திரைக் காலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்; அவர்களிடம் புழு இருந்தால் பரவல் இன்னும் நடக்கிறது என்று பொருள். கியூலெக்ஸ் பரப்பும் பகுதிகளில் இந்த விகிதம் 2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். சில ஆண்டு இடைவெளியில் இருமுறை மீண்டும் சோதித்தும் அப்படியே நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்கள் இந்தத் தேர்வில் தேறி, 2010களில் மாத்திரை வினியோகம் நின்றது. இலங்கை 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒழிப்புச் சான்றைப் பெற்றது. இந்தியாவில் நோய் நீடிக்கும் சில மாவட்டங்களில் 2018 முதல் டி.இ.சி., அல்பெண்டசோல், ஐவர்மெக்டின் மூன்றும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். விழுப்புரத்தில் தனித்தனி ஊர்களில் எதிரெதிரே நின்ற இரு மருந்துகளும் இன்று ஒரே கையில் விழுகின்றன.

மாத்திரை புதிய தொற்றைத் தடுக்கும். வீங்கிய காலைப் பழையபடி ஆக்காது. ராமையாவும் உடனாய்வாளர்களும் இந்தப் பகுதிக் கிராமங்களில் நோயாளிகளின் வேலை நாட்களைத் தொடர்ந்து பதிந்தபோது, நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் வரும் ஒவ்வொரு முறையும் சில நாட்கள் படுக்கையில் கழிவது தெரிந்தது. கூலிவேலைக்காரருக்கு அது சில நாள் அடுப்பு எரியாத நிலை. இத்தகைய கணக்குகளிலிருந்தே இந்தியாவின் ஆண்டு இழப்பு 100 கோடி டாலரை நெருங்கும் என்ற மதிப்பீடு எழுந்தது. இந்தக் காய்ச்சலைத் தூண்டுவது பெரும்பாலும் கால்விரல் இடுக்குப் புண்ணில் நுழையும் பாக்டீரியா என்பதை 1990களில் பிரேசிலும் கேரளத்து ஆலப்புழையும் தெளிவாக்கின. ஆலப்புழையில் நடந்த ஒப்பீட்டில், நாள்தோறும் காலைக் கழுவிப் பேணியவர்களுக்குக் காய்ச்சல் வருவது குறைந்தது. புழு மருந்து அதற்கு மேல் கூடுதலாக ஒன்றும் தரவில்லை. சோப்பும் சுத்தமான தண்ணீரும், விரல் இடுக்கை ஈரம் போகத் துடைப்பது, புண்ணுக்குக் களிம்பு, இரவில் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பது, செருப்பு. இவைதாம் சிகிச்சை. விரைவீக்கத்துக்கு மட்டும் அறுவை உண்டு. மாவட்ட மருத்துவமனையில் செய்யக்கூடிய எளிய அறுவை அது. முற்றிய யானைக்கால் உள்ளவர்களுக்கு மாநில அரசு மாத உதவித்தொகை வழங்குகிறது. புதிய நோயாளிகள் வராத ஊர்களிலும் பழைய நோயாளிகள் இன்னும் பல ஆண்டுகள் வாழ்வார்கள் என்பதால், மாத்திரை நின்ற பிறகும் அவர்களுடைய பெயர்ப்பட்டியல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொடர வேண்டியிருக்கிறது.